ஒரே வீட்டில் இருந்தும் தூரமா? கணவன் - மனைவி நெருக்கம் எங்கே குறைகிறது, எப்படி மீட்பது?

இரவு 9.40 மணி. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட். கணவர் சோஃபாவில் லேப்டாப்போடு இருக்கிறார். மனைவி பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே சொல்கிறார்:

"ஏங்க, கீழ் வீட்டுப் பாட்டி இன்னைக்கும் தனியா வாசல்ல உட்கார்ந்திருக்காங்க."

"ம்ம்."

ரெண்டு நொடி அமைதி. பிறகு, "கேஸ் புக் பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு."

"இ.எம்.ஐ. போயிடுச்சா?"

"காலைலயே போயிடுச்சு."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. சண்டை இல்லை, கோபம் இல்லை, யாரும் கெட்டவர் இல்லை. கேஸ் வந்துவிடும், தவணையும் கட்டியாகிவிட்டது. இது கற்பனை வீடுதான். ஆனால் கல்யாணம் ஆகி மூன்று, நான்கு வருடம் ஆன பலருக்கும் இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. ஒருநாள் இருவரில் ஒருவர், "நாம ஏதோ ரூம்மேட்ஸ் மாதிரி ஆயிட்டோம்ல?" என்று கேட்கும்போதுதான் மற்றவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

பெரிய துரோகமோ பெரிய சண்டையோ நடந்துதான் உறவு கெடும் என்று நாம் நினைக்கிறோம். நிறைய வீடுகளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நெருக்கம் சத்தமே இல்லாமல் குறைகிறது. அது எப்படிக் குறைகிறது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, நம் வீட்டுச் சூழலில் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நெருக்கம் என்றால் எது?

'நெருக்கம்' என்றதும் பலருக்கும் படுக்கையறைதான் நினைவுக்கு வரும். அது ஒரு பகுதி. ஆனால் முழுசும் அதுவல்ல.

உங்கள் துணைக்கு இப்போது ஆபீஸில் யாரால் தலைவலி, எதை நினைத்து அவருக்குத் தூக்கம் வரவில்லை, எந்த விஷயத்தில் அவர் ரகசியமாகப் பெருமைப்படுகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? அது மன நெருக்கம். சமையலறையில் கடந்து போகும்போது தோளைத் தொடுவது, டி.வி. பார்க்கும்போது சாய்ந்து உட்காருவது, இதெல்லாம் தொடுதலின் நெருக்கம். தாம்பத்திய உறவு இன்னொன்று. 'நான் தடுமாறினால் இவர் பிடித்துக்கொள்வார்' என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

இதில் நம்மூர்க் கல்யாணங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணம் என்றால், இரண்டு பேரும் கிட்டத்தட்ட அறிமுகமில்லாதவர்களாகத்தான் தொடங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும் வேலை கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பம். ஆனால் அதற்குள் வீடு பார்ப்பது, சொந்தக்காரர்கள் வீட்டு விருந்து, தலை தீபாவளி, "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி எல்லாம் வரிசையாக வந்துவிடும். குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்கிறோம், கூட இருப்பவரைத் தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போடுகிறோம்.

காதல் திருமணத்திலும் இந்தப் பிரச்னை வேறு உருவில் வரும். "எனக்கு இவளைப் பத்தி எல்லாம் தெரியும்" என்று நினைப்போம். தெரிந்தது ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆளை. வேலை, ஊர், குழந்தை எல்லாம் மாறிய பிறகு ஆளும் மாறியிருப்பார்.

'ம்ம்' என்ற பதிலில் என்ன இருக்கிறது?

மறுபடி அந்த பால்கனிக்கு வருவோம். "பாட்டி தனியா உட்கார்ந்திருக்காங்க" என்று மனைவி சொன்னது பாட்டியைப் பற்றிய செய்தி மட்டும்தானா? இல்லை. "என் பக்கம் கொஞ்சம் திரும்புங்க" என்ற அழைப்பும் அதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தம்பதிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் கவனித்தது இந்தச் சின்ன அழைப்புகளைத்தான். 1990-களில் பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கும் விடுதி போன்ற ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, புதிதாகத் திருமணமான ஜோடிகளை அங்கே ஒருநாள் சாதாரணமாக இருக்கச் சொன்னார். சமைப்பது, சாப்பிடுவது, பேசுவது எல்லாம் பதிவானது.

ஆறு வருடம் கழித்து அதே ஜோடிகளைத் தொடர்புகொண்டபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. சேர்ந்தே இருந்தவர்கள், துணையின் சின்ன அழைப்புகளில் சுமார் 86 சதவீதத்துக்குத் திரும்பிப் பதில் கொடுத்தவர்கள். பிரிந்துபோனவர்களிடம் அது சுமார் 33 சதவீதம்தான்.

ஓர் எச்சரிக்கை. இது அமெரிக்க ஜோடிகளிடம் நடந்த ஆய்வு. 'பதில் சொல்லாததால்தான் பிரிந்தார்கள்' என்று இதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே கசந்துபோனவர்கள் பதில் சொல்வதைக் குறைத்திருக்கலாம். ஆனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்த ஆய்வு நன்றாகவே காட்டுகிறது.

ஓர் அழைப்புக்கு மூன்று விதமாகப் பதில் வரலாம்.

திரும்பிப் பார்ப்பது: "அப்படியா? நேத்தும் இருந்தாங்களா? பையன் வெளிநாட்டுல இருக்கான்னு சொன்னேல்ல?"

கவனிக்காமல் விடுவது: "ம்ம்."

எரிந்து விழுவது: "வேலையா இருக்கேன்னு தெரியல? ஊர்க் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

மூன்றாவது வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வலிப்பது போலத் தெரியாது. ஆனால் தினமும் பத்து 'ம்ம்' விழுந்தால், கூப்பிடுபவர் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார். அப்புறம் மிஞ்சுவது கேஸும் இ.எம்.ஐ.யும்தான்.

அதற்காக ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை மூடிவைக்க வேண்டுமா? முடியாது, தேவையும் இல்லை. "ரெண்டு நிமிஷம் இரும்மா, இந்த மெயிலை அனுப்பிட்டு வர்றேன்" என்பதே திரும்பிப் பார்ப்பதுதான். ஒரே நிபந்தனை, மெயில் போன பிறகு நிஜமாகவே எழுந்து வரவேண்டும்.

கையில் இருக்கும் மூன்றாவது ஆள்

செல்போனைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் மெரிடித் டேவிட்டும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கத்தில் துணை இருக்கும்போதே போனைப் பார்த்துக்கொண்டு அவரைக் கண்டுகொள்ளாமல் விடுவது பற்றிய ஆய்வு அது. கேட்கப்பட்டவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் தங்கள் துணை அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். சுமார் 23 சதவீதம் பேர் அதனால் வீட்டில் சண்டையே வருவதாகச் சொன்னார்கள்.

இங்கே நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.டி. வேலையில் 'ஆன் கால்' இருப்பவர் போனைத் தூக்கிப் போட முடியாது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு இரவு எட்டு மணி வீடியோ கால் ஒன்றுதான் ஆறுதல். எனவே 'வீட்டில் போனே கூடாது' என்ற சட்டம் இரண்டு நாள்கூடத் தாங்காது. தாங்கக்கூடியது சின்ன விதி. சாப்பிடும் இருபது நிமிடம், தூங்கப் போகும் முன் பதினைந்து நிமிடம், இந்த இரண்டு நேரமும் போன் வேறு அறையில் இருக்கட்டும். அலாரத்துக்கு முன்னூறு ரூபாய் டைம்பீஸ் போதும்.

நல்ல செய்தி வந்தால் என்ன சொல்கிறீர்கள்?

கஷ்டத்தில் கூட நிற்பதுதான் உறவு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2004-லும் 2006-லும் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டின. துணைக்கு நல்லது நடக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் உறவின் பலத்தோடு நெருக்கமாகத் தொடர்புடையது.

மனைவி வந்து, "இன்னைக்கு என்னை டீம் லீட் ஆக்கிட்டாங்க!" என்கிறார் என்று வையுங்கள்.

"சூப்பர்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கவனம் போவது ஒரு பதில். "அப்ப இனிமே இன்னும் லேட்டாதான் வருவியா?" என்பது இன்னொன்று. "சரி, ஏ.சி. சர்வீஸ்காரன் வந்தானா?" என்பது மூன்றாவது. "அட! எப்படிச் சொன்னாங்க? யார் யார் இருந்தாங்க? நீ என்ன சொன்ன?" என்று கேட்பது நான்காவது.

நெருக்கத்தை வளர்ப்பது நான்காவது மட்டும்தான். கவனித்தீர்களா, அதில் பாராட்டு வார்த்தையே இல்லை. இருப்பது கேள்விகள்தான். அந்த நல்ல தருணத்தை அவர் உங்களோடு இன்னொரு முறை வாழ்ந்து பார்க்க இடம் கொடுக்கிறீர்கள். 'லேட்டா வருவியா' என்ற கவலை நியாயமானதாகவே இருக்கலாம். அதை நாளைக்குப் பேசலாம். இன்றைக்கு அவருடைய நாள்.

பாத்திரம் கழுவுவதற்கும் நெருக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒருநாளில் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தைகள், பெரியவர்களைக் கவனிக்கும் வேலை இதில் சேராது. அது தனிக் கணக்கு.

எண்ணில் வராத இன்னொரு சுமையும் இருக்கிறது. நாளைக்கு இட்லி மாவு இருக்கிறதா, குழந்தைக்குத் தடுப்பூசி எந்தத் தேதி, மாமியாருக்கு பி.பி. மாத்திரை தீர்ந்ததா, வேலைக்கு வரும் அக்கா லீவு எப்போது? இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பதே ஒரு வேலை. "நீ சொன்னா செய்யப்போறேன், சொல்ல வேண்டியதுதானே" என்று கணவர் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் சொல்ல வேண்டிய பொறுப்பு யார் தலையில் இருக்கிறது? மேனேஜர் வேலை ஆபீஸில் ஒரு ஷிஃப்ட், வீட்டில் ஒரு ஷிஃப்ட் என்றால், பத்தரை மணிக்குப் படுக்கையில் சாயும் உடம்புக்கு வேண்டியது தூக்கம் மட்டும்தான்.

'ஹெல்ப் பண்றேன்' என்பதற்குப் பதில் சில வேலைகளை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, காலைச் சாப்பாடு முழுக்க உங்கள் பொறுப்பு என்றால், மாவு தீர்ந்ததைக் கவனிப்பதும் நீங்கள்தான். துணையும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தோசை வட்டமாக வரவில்லை என்று பின்னால் நின்று திருத்திக்கொண்டிருந்தால் அந்த வேலை கைமாறவே மாறாது.

ஆசை குறைந்துவிட்டதா?

இப்போது பலரும் யாரிடமும் கேட்காத கேள்விக்கு வருவோம். கல்யாணமான புதிதில் இருந்த வேகம் இப்போது இல்லை. அப்படியென்றால் அன்பு போய்விட்டதா?

சினிமாவில் ஆசை மின்னல் மாதிரி வரும். நிஜத்தில் எல்லோருக்கும் எப்போதும் அப்படி வருவதில்லை. கனடாவின் மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-ல் பெண்களின் பாலியல் அனுபவம் பற்றி ஒரு புதிய விளக்கத்தை முன்வைத்தார். நீண்டகால உறவில் இருக்கும் பலருக்கு முதலில் ஆசை வந்து பிறகு நெருக்கம் நடப்பதில்லை. வரிசை தலைகீழாக இருக்கலாம். மனம் இளகி, பேச்சும் தொடுதலும் தொடங்கிய பிறகே ஆசை விழித்துக்கொள்ளலாம். இது ஆண்களுக்கும் உண்டு. குறைபாடு கிடையாது.

இன்னொரு பயனுள்ள விளக்கம் ஆய்வாளர்கள் ஜான் பேங்க்ராஃப்ட், எரிக் யான்சன் இருவரும் முன்வைத்தது. நம் மூளையில் பாலியல் ஆசைக்கு ஆக்ஸிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. நாம் பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரைப் பற்றியே யோசிக்கிறோம். புது உடை, வாசனை மெழுகுவர்த்தி, ரிசார்ட் புக்கிங். ஆனால் கால் பிரேக்கில் இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது.

நம் வீடுகளில் பிரேக் எவையெவை? பக்கத்து அறையில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர், சத்தம் கடத்தும் சுவர், நடுவில் படுத்திருக்கும் நான்கு வயதுக் குழந்தை, மதியம் நடந்து இன்னும் பேசித் தீர்க்காத வாக்குவாதம், உடம்பு எடை பற்றிய கூச்சம், கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற பயம் எல்லாமே பிரேக்தான். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு 'இன்னைக்குத் தேதி' என்ற கட்டாயமும் சேரும். இதில் உங்களுக்கு எது, உங்கள் துணைக்கு எது என்று இருவரும் பட்டியல் போட்டுப் பாருங்கள். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுவதோ, ஞாயிறு மாலை குழந்தையைத் தாத்தா பாட்டியோடு பார்க்குக்கு அனுப்புவதோ, ரிசார்ட்டை விட அதிகம் உதவக்கூடும்.

வாரத்துக்கு எத்தனை முறை என்றால் 'நார்மல்'? அப்படி ஒரு எண் கிடையாது. ஆனால் கனடாவின் ஏமி மியூஸ் குழுவினர் 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளை வைத்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கொஞ்சம் நிம்மதி தரும். உறவில் இருப்பவர்களிடம், வாரம் ஒரு முறை வரை எண்ணிக்கை கூடும்போது மகிழ்ச்சியும் கூடியது. அதற்கு மேல் கூடினாலும் மகிழ்ச்சி கூடவில்லை. வாரம் ஒரு முறை என்பதையும் இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் நிறைவா என்பதே கேள்வி.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டது, எப்படித் திரும்பத் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால்? 1970-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் எழுதிப் பிரபலமாக்கிய ஒரு பயிற்சியை இன்றும் சிகிச்சையாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். சில நாள்களுக்கு 'உறவு கிடையாது' என்று இருவரும் முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்கிறார்கள். கை, முதுகு, தலைமுடி என்று மெல்லத் தொடுவதும், எது இதமாக இருக்கிறது என்று சொல்வதும் மட்டும்தான். 'இது எங்கே போய் முடியுமோ' என்ற பதற்றம் போனதும் உடம்பு தளர்கிறது. தொட்டாலே அதற்குத்தான் என்று ஆகிவிட்ட வீடுகளில், எதையும் எதிர்பார்க்காத தொடுதல்தான் முதலில் திரும்பி வரவேண்டும்.

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை

நெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடவே கூடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், விருப்பமில்லாதபோது கணவரிடம் மறுக்க முடியும் என்று சொன்ன திருமணமான பெண்கள் 82 சதவீதம். மறுபக்கம் பாருங்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

'வேண்டாம்' என்று பயமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் 'வேண்டும்' என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. துணை மறுத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்வது, இரண்டு நாள் பேசாமல் இருப்பது, "அப்புறம் எதுக்குக் கல்யாணம்?" என்று கேட்பது எல்லாமே வற்புறுத்தல்தான். மறுப்பவருக்கும் ஒரு வழி உண்டு. "இன்னைக்கு முடியலப்பா, ரொம்ப அசதி. சும்மா கட்டிப்பிடிச்சுத் தூங்கலாமா?" என்று சொல்லும்போது, மறுப்பது இன்றைய இரவைத்தான், ஆளை அல்ல என்பது புரிந்துவிடும்.

சண்டை போட்டால் நெருக்கம் போய்விடுமா?

போகாது, எப்படிச் சண்டை போடுகிறோம் என்பதைப் பொறுத்து. காட்மனின் கணக்குப்படி தம்பதிகளின் பிரச்னைகளில் சுமார் 69 சதவீதம் தீரவே தீராதவை. ஒருவர் சிக்கனம், இன்னொருவர் தாராளம். ஒருவருக்கு ஞாயிறு என்றால் தூக்கம், இன்னொருவருக்கு ஊர் சுற்றல். பத்து வருடம் கழித்தும் இதே வாக்குவாதம் இருக்கும். சந்தோஷமாக இருக்கும் ஜோடிகளுக்கும் இருக்கும். தீர்ப்பதை விட, சிரித்துக்கொண்டே அதோடு வாழப் பழகுவதுதான் வழி.

உண்மையில் கெடுப்பவை என்று அவர் நான்கைச் சொல்கிறார். செயலை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, ஏளனம், எதைச் சொன்னாலும் தற்காப்புப் பதில், வாயை மூடிச் சுவராகிவிடுவது. இதில் ஏளனம்தான் மிக மோசம். "உங்க குடும்பமே இப்படித்தானே" என்ற ஒரு வரியில் முதலும் இரண்டாவதும் சேர்ந்தே இருக்கின்றன.

"நீங்க எப்பவும் லேட், உங்களுக்கு அக்கறையே இல்ல" என்று ஆரம்பிப்பதும், "எட்டு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க, பத்து ஆயிடுச்சு. பயந்துட்டேன். ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல?" என்று ஆரம்பிப்பதும் ஒரே புகார்தான். முதலாவதற்குப் பதில் சண்டை. இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் "சாரி".

நெஞ்சு படபடக்கும் அளவுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்தி ஓர் இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். சொல்லிவிட்டு விடுங்கள். "இப்ப பேசினா தப்பா ஏதாவது சொல்லிடுவேன். கொஞ்சம் கழிச்சுப் பேசலாம்" என்பது இடைவெளி. கதவைச் சாத்திக்கொண்டு போவது தண்டனை.

இது தமிழுக்குப் புதிதல்ல. காதலருக்குள் வரும் பொய்க்கோபத்துக்கு 'ஊடல்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். திருக்குறளின் 1330 குறள்களும் முடிகிற இடம் 'ஊடலுவகை', அதாவது ஊடலில் உள்ள இன்பம். அளவோடு கோபித்துச் சமாதானம் ஆவதையும் உறவின் சுகமாகவே வள்ளுவர் பார்த்திருக்கிறார்.

வேறு ஊரில் வாழும் தம்பதிகளுக்கு

பெங்களூரு, ஹைதராபாத், புனே, குருகிராம் என்று வேலைக்காக இடம்பெயர்ந்த ஜோடிகளுக்கு ஓர் அனுகூலமும் ஒரு சுமையும் உண்டு. அனுகூலம், தனிமை கிடைக்கிறது. சுமை, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். ஊரில் இருந்தால் புலம்ப அக்கா, கிரிக்கெட் பேச நண்பன், உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்துத் தர சித்தி என்று இருப்பார்கள். இங்கே நண்பன், அக்கா, சித்தி எல்லாம் துணை ஒருவர்தான். ஒரே ஆளிடம் இவ்வளவையும் எதிர்பார்த்தால் அவர் மூச்சுத் திணறுவார். உங்களுக்கென்று தனி நண்பர்கள் இருப்பது உறவுக்குக் குறை அல்ல, பலம்.

ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருவருக்கு பகல் என்றால், இருவரும் விழித்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை மளிகை லிஸ்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். லிஸ்ட் வாட்ஸ்அப்பில் போகட்டும்.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றால் ஒன்றும் நடக்காது. இதில் இரண்டை மட்டும் எடுத்து ஒரு மாதம் செய்து பாருங்கள்.

- வேலை முடிந்து சந்திக்கும்போது முதல் ஐந்து நிமிடம் வீட்டு நிர்வாகம் பேசாதீர்கள். பில், குழந்தை ஹோம்வொர்க் எல்லாம் ஆறாவது நிமிடத்தில்.

- தினம் ஒரு நன்றி, குறிப்பாக. "நீ நல்லவ" என்பதை விட "காலைல எனக்கு மீட்டிங்னு நீயே பாப்பாவைக் கிளப்பி விட்டியே, பெரிய ஹெல்ப்" என்பது உள்ளே போகும்.

- வாரம் ஒரு கேள்வி, பதில் தெரியாத கேள்வி. "காலேஜ் முடிச்சப்போ என்னவா ஆகணும்னு நினைச்ச?" "இப்ப எதை நினைச்சா பயமா இருக்கு?" உளவியலாளர் ஆர்தர் ஆரோன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளைக் கேட்டுக்கொண்ட அந்நியர்களுக்குள்கூட முக்கால் மணி நேரத்தில் நெருக்கம் கூடியது.

- மாதம் ஒரு முறை இருவருக்கும் புதிதான ஒன்று. அதே ஆரோன் குழுவின் 2000-ம் ஆண்டு ஆய்வில், தம்பதிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, விரிப்பில் தவழ்ந்து ஒரு தலையணையைக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஏழு நிமிட விளையாட்டுதான். சலிப்பான வேலையைச் செய்த ஜோடிகளை விட இவர்களுக்கு உறவில் திருப்தி கூடியிருந்தது. நீங்கள் தவழ வேண்டாம். வழக்கமான மாலுக்குப் பதில் தெரியாத ஊருக்கு ஒரு பஸ் பயணம், அல்லது இருவருமே முதல் முறையாக நீச்சல் கற்றுக்கொள்வது போதும்.

இருவரில் ஒருவர் மட்டும் படித்துவிட்டு வந்து, "பாரு, நீ பண்றது எல்லாம் தப்புன்னு போட்டிருக்கு" என்று இந்தக் கட்டுரையை நீட்டினால் நெருக்கம் கூடாது. நீங்கள் செய்யவேண்டியதை முதலில் செய்யுங்கள்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்?

சில விஷயங்கள் பேசினால் மட்டும் தீராது. ஆசை திடீரென்று குறைந்தால் உடல் காரணமும் இருக்கலாம். தைராய்டு, ரத்தச்சோகை, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எல்லாம் பாதிக்கும். பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் பெண்ணுறுப்பு வறட்சியும் வலியும் வருவது சகஜம். உறவின்போது வலி என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்யாணமாகி மாதங்கள் ஆகியும் உறவே முடியவில்லை என்றால், தசைகள் தன்னிச்சையாக இறுகும் 'வஜைனிஸ்மஸ்' காரணமாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆண்களுக்கு விறைப்புப் பிரச்னை தொடர்ந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். சிலருக்கு அது இதய நோயின் முன்னறிகுறியாக இருப்பதுண்டு. பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரத்து லேகியம் இதற்கு விடை அல்ல.

மனப் பிரச்னைகளுக்கு மனநல மருத்துவரையோ தகுதி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். 'கவுன்சிலிங் என்றால் டைவர்ஸ் வாசல்' என்ற பேச்சை நம்பாதீர்கள். முட்டி வலிக்கு சீக்கிரம் போனால் பிசியோதெரபி, தாமதமானால் ஆபரேஷன். இதுவும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. அடி, மிரட்டல், வற்புறுத்திய உறவு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, போனைக் கண்காணிப்பது இவை எதுவும் 'நெருக்கக் குறைவு' அல்ல. மேலே சொன்ன எந்த வழியும் அதற்குப் பொருந்தாது. அங்கே பாதிக்கப்பட்டவர் இன்னும் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், பாலியல், வாய்மொழி, மன, பொருளாதார வன்முறைகள் அனைத்தையும் கணக்கில் எடுக்கிறது. பெண்கள் உதவி எண் 181.

அப்படி எதுவும் இல்லாத, வெறுமனே தூரமாகிப்போன வீடுகளுக்கு நம்பிக்கை நிறையவே உண்டு. ஏனென்றால் அங்கே அழைப்பு இன்னும் முழுசாக நின்றுவிடவில்லை. இன்றைக்கு ராத்திரியும் பால்கனியிலிருந்தோ சமையலறையிலிருந்தோ ஒரு குரல் வரும். பாட்டியைப் பற்றியோ, பால் விலையைப் பற்றியோ, ஒன்றுமில்லாத ஏதோ ஒன்றைப் பற்றியோ. தலையைத் தூக்கி, "என்னது, திரும்பச் சொல்லு" என்று கேளுங்கள். இன்றைக்கு அது போதும்.